எறும்பு வராத சர்க்கரை

எறும்புகளிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. மற்ற எல்லோரிடமும் வாங்கியிருந்தார்கள். நோயாளிகள், கூட இருப்பவர்கள், மருந்தைக் கொடுப்பவர்கள், கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் என்று ஆளுக்குப் பதினாறு பக்கம். எந்தப் பொட்டலத்தில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முயல மாட்டேன் என்பதுதான் அந்தப் பதினாறு பக்கத்தின் சாரம். இரண்டு வகைப் பொட்டலமும் ஒரே நிறம், ஒரே எடை, நாக்கில் வைத்தால் ஒரே தித்திப்பு. அதற்காக வெளிநாட்டில் ஒரு குழு எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதாம். மனித நாக்கை ஏமாற்ற அத்தனை பாடுபட்டவர்களுக்கு, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டில் எறும்பு இருக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை.

அந்த வார்டின் பொறுப்பு பிலோமினா சிஸ்டரிடம் இருந்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவள் எழுதும் நோயாளிக் குறிப்பில் ஓர் அடித்தல் திருத்தலைப் பார்க்க முடியாது. பயிற்சி டாக்டர்கள் அவள் வருவதைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள். இந்த மருந்து ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக ஆள் தேடியபோது, அதை நடத்தும் டாக்டர் திருமாறன் வேறு பெயரை யோசிக்கவே இல்லை. கண்டிப்புக்குப் பேர்போன அந்த அம்மாளின் மூக்குக்குக் கீழேதான் இதெல்லாம் நடந்தது.

ஆராய்ச்சி தொடங்கிய அன்று எட்டுப் புற்றுநோயாளிகளின் குடும்பங்களையும் வார்டின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, திருமாறன் தானே விளக்கினார். நல்ல மனுஷர், பொறுமைசாலி. புரியாமல் கையெழுத்துப் போட வைப்பது அவருக்குப் பிடிக்காது.

"உங்க உடம்புல காவல்கார செல்லுங்க இருக்கு. சும்மா இருக்கறப்போ அதுக்குப் பெரிசா ஒன்னும் வேண்டாம். எதிரியைப் பாத்து எழுந்துட்டா பசி எடுக்கும். சர்க்கரையை அள்ளி அள்ளித் திங்கும். அப்பதான் ஒன்னு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, சண்டை போட முடியும். ஆனா புற்றுக்கட்டி அதைவிடப் பெரிய பசிக்காரன். சுத்தி இருக்கற சர்க்கரையை எல்லாம் அவனே இழுத்துக்கறான். நம்ம ஆளு கட்டி வரைக்கும் போயிட்டு, அங்க திங்க ஒன்னும் இல்லாம சுருண்டு படுத்துடறான்."

அதனால் ஒவ்வொருவர் ரத்தத்திலிருந்தும் அந்தச் செல்களை எடுத்து, வைக்கோலிலிருந்து பிரித்த ஒரு சர்க்கரையைத் தின்னப் பழக்கி, திரும்ப உடம்புக்குள் விடப்போவதாகச் சொன்னார். புற்றுக்கட்டியால் அந்தச் சர்க்கரையைத் தொட முடியாது. உடம்பில் வேறு எந்தச் செல்லாலும் முடியாது. பழக்கிய காவல்காரனுக்கு மட்டுமான தனிச் சாப்பாடு அது. தினமும் ஒரு பொட்டலம், பன்னிரண்டு வாரம். எட்டுப் பேரில் நாலு பேருக்கு வைக்கோல் சர்க்கரை, நாலு பேருக்குச் சாதாரணச் சர்க்கரை. யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்றார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் செங்கமலம் என்று ஒருத்தி. ஒரத்தநாட்டுப் பக்கம். இருபது பெண்களைச் சேர்த்து ஊர் ஊராக நடவுக்குக் கூட்டிப்போகிறவள். குரல் வரப்பு தாண்டிக் கேட்கும். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் கலியபெருமாளுக்கு வயிற்றில் கட்டி. அறுத்து எடுக்க முடியாது என்று மூன்று இடத்தில் கைவிரித்த பிறகு இங்கே வந்திருந்தார்கள்.

"ஆள வரச்சொல்லி வயல்ல எறக்கிட்டு, பாதிப் பேருக்குத்தான் சோறுன்னா, மத்தவங்க எப்புடிங்க நடுவாங்க?" என்று கேட்டாள்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தாம்மா இந்த ஆராய்ச்சி" என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. இது தெரிஞ்சுக்க வேண்டிய விஷயமா என்று பக்கத்திலிருந்த ஹாஜிரா பீவியிடம் முணுமுணுத்தாள். ஹாஜிரா அதிராம்பட்டினத்துக்காரி. அவள் மகள் ரிஸ்வானாவுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம், தொடை எலும்பில் கட்டி. கலியபெருமாளின் கட்டிலுக்கு நேர் எதிர்க் கட்டில் அந்தப் பெண்ணுடையது. படுத்தபடி பார்த்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்.

காலை ஆறு மணிக்கு பிலோமினா ஒவ்வொரு கட்டிலிலும் பொட்டலத்தைக் கொடுப்பாள். கூட இருப்பவர் அதை வார்டுச் சமையலறைக்கு எடுத்துப்போய் வெந்நீரில் கலக்கி டம்ளரில் கொண்டுவர வேண்டும். நோயாளி கடைசிச் சொட்டு வரை குடிப்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, பிலோமினா குறித்துக்கொள்வாள். கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடியைப் பற்றி ஆராய்ச்சி நெறிமுறையில் ஒரு வரியும் இல்லை, அவளும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஐந்தாவது வாரக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெந்நீர் சூடு பற்றவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவள் சமையலறைக்குள் நுழைந்தாள். மேடைமேல் ஒரு எவர்சில்வர் குண்டான். எட்டுப் பொட்டலமும் கிழித்து அதில் கொட்டியாகிவிட்டது. செங்கமலம் கரண்டியால் கலக்கிவிட்டு, வரிசையாக வைத்த எட்டு டம்ளரில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மற்ற ஏழு பேரும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கையும் களவுமாக அகப்பட்ட முகம் ஒருவருக்கும் இல்லை. ஒரு அம்மாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுவது போல, "வாங்க சிஸ்டர்" என்று வேறு சொன்னாள்.

எத்தனை நாளாக என்று மட்டும் பிலோமினா கேட்டாள். இரண்டாவது வாரத்திலிருந்து என்று செங்கமலம் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

கதை இப்படி. முதல் வாரம் ரிஸ்வானாவின் அலமாரிமேல் கொஞ்சம் பொடி சிந்தியிருந்தது. ஒரு மணி நேரத்தில் எறும்பு மொய்த்துவிட்டது. அதே நாள் கலியபெருமாளின் அலமாரியிலும் சிந்தியிருந்தது. அங்கே ஓர் எறும்பு இல்லை. செங்கமலத்துக்கு அது உறுத்தியது. மறுநாள் எட்டுப் பேரின் பொட்டலத்திலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள். நாலில் எறும்பு ஏறியது. நாலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வைக்கோல் சர்க்கரையை உடம்பில் வேறு எதுவும் தின்னாது என்று டாக்டர்தானே சொன்னார். எறும்பும் தின்னாது போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். எட்டு மாதம் உட்கார்ந்து மூடி வைத்த ரகசியம் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரருக்கு வந்தது நெஜ மருந்துன்னு தெரிஞ்சும் இதைச் செஞ்சீங்களா?" என்று கேட்டாள் பிலோமினா.

"தெரிஞ்சதாலதான் சிஸ்டர் செஞ்சேன். நடவுக்குப் போனா, கொண்டாந்தத எல்லாம் ஒன்னாக் கொட்டித்தான் திம்போம். ஒருத்தி கறி கொண்டாந்திருப்பா, ஒருத்தி வெறும் பழையதுதான் கொண்டாந்திருப்பா. தனித்தனியாத் தொறந்து வச்சுக்கிட்டு யாரு மூஞ்சிய யாரு பாக்குறது? இஞ்ச அந்தப் புள்ள எதுத்தாப்புல படுத்துக் கெடக்கு. அதுக்கு வெறும் சக்கரத் தண்ணின்னு தெரிஞ்சுக்கிட்டு, இவுகளுக்கு மட்டும் ஊத்திக் குடுத்துட்டு எனக்கு எப்புடித் தூக்கம் வரும்?"

ஹாஜிரா பீவி முதலில் வேண்டாமென்றுதான் சொன்னாளாம். பங்கை வாங்கிக்கொண்டும் பத்து நாள் செங்கமலத்தின் முகத்தைப் பார்க்காமலே இருந்தாளாம். மற்ற மூன்று குடும்பம் பங்கு கொடுக்கச் சம்மதித்தது செங்கமலத்தின் குரலுக்குப் பயந்தா, மனசாரவா என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஆனால் நாலு வாரமாக அந்த வார்டு ஒரே குடும்பம் போல இருந்தது உண்மை. ஒருவர் தூங்கினால் மற்றவர் டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டார்கள். பிலோமினாவே அதைக் கவனித்து, இந்தக் கூட்டம் நல்ல கூட்டம் என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

அன்று அவள் யாரையும் திட்டவில்லை. குண்டானைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ரவுண்ட்ஸ் முடிந்து திருமாறன் லிப்ட்டுக்குக் காத்திருந்தார்.

"சார், ஒருத்தர் பொட்டலத்துல பாதிதான் குடிச்சார்னா என்ன ஆகும்?"

"ஏன், யாராவது வாந்தி எடுக்கறாங்களா?"

"இல்ல, பொதுவாக் கேட்டேன்." இருபத்தாறு வருஷத்தில் ஒரு டாக்டரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

"பாதிதான் சிஸ்டர் ரொம்ப மோசம்" என்றார் அவர். "முழுப் பட்டினின்னா அந்தச் செல்லு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது, தூங்கிட்டிருக்கும். முழுச் சாப்பாடுன்னா சண்டை போடும். அரை வயித்தோட சண்டைக்கு அனுப்பினா நடு வழியில களைச்சு விழுந்துடும். அப்படி விழுந்தது திரும்ப எழுந்திரிக்காது."

"நிச்சயமா சார்?"

"மனுஷங்கள்ல யாரும் பண்ணிப் பாத்ததில்ல. ஆனா வேற எப்படி இருக்க முடியும்?"

லிப்ட் வந்துவிட்டது. அவர் ஏறுவதற்குள் இன்னொன்றையும் கேட்டாள். யாராவது நெறிமுறையை மீறினால் என்ன செய்வார்கள்? அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள் என்றார். பொட்டலங்கள் திரும்பப் போய்விடும், மொத்த வார்டையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். நல்லவேளை, நீங்கள் இருக்கும்போது எனக்கு அந்தக் கவலை இல்லை என்று சொல்லிக்கொண்டே கதவுக்குப் பின்னால் மறைந்தார்.

அன்று மத்தியானம் பிலோமினா சாப்பிடவில்லை. உள்ளதை எழுதினால் எட்டுப் பேருக்கும் நாளை முதல் மருந்து இல்லை. நிஜமான பொட்டலம் கிடைத்த நாலு பேரும் செத்துப்போவார்கள், அவள் கையால். எழுதாமல் இப்படியே விட்டால், டாக்டர் சொன்ன கணக்குப்படி எட்டுப் பேரின் காவல்காரர்களும் அரை வயிற்றோடு நடு வழியில் விழுந்துவிடுவார்கள். அப்போதும் எட்டுப் பேரும் போவார்கள். மிச்சம் இருந்தது ஒரு வழிதான். எழுதவும் கூடாது, பங்கு போடவும் கூடாது. நாலு பேராவது பிழைப்பார்கள். ரிஸ்வானா அந்த நாலு பேரில் இல்லை என்பதை அவள் நினைக்காமல் இல்லை. அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது, டிரெஸ்ஸிங் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் எட்டுப் பெண்களையும் சமையலறைக்கு வரச்சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். நீங்கள் நல்லது என்று நினைத்துச் செய்வது எட்டுப் பேரையும் கொன்றுவிடும் என்று அந்த வார்த்தையையே சொன்னாள். யாருக்கு வந்ததோ அதை அவர்தான் குடிக்க வேண்டும். நான் யாரிடமும் மூச்சு விட மாட்டேன், நீங்களும் விடாதீர்கள்.

முதலில் பேசியது ஹாஜிராதான்.

"சரி சிஸ்டர். அவங்கவங்களுக்கு ஆண்டவன் அளந்ததை அவங்கவங்க குடிக்கட்டும். நாலு வாரம் எம் புள்ளைக்கும் பங்கு குடுத்தாங்க. அதை நான் மறக்க மாட்டேன்."

செங்கமலம் குண்டானைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எட்டுப் பேரும்னு டாக்டரு சொன்னாகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பிலோமினா. "அவுக படிச்சவுக" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து பிலோமினா சமையலறை வாசலிலேயே நின்றாள். எட்டு டம்ளர், எட்டுத் தனிக் கலக்கல். எல்லாம் ஒழுங்காக நடந்தது. வார்டுதான் மாறிப்போனது. நிஜப் பொட்டலக்காரர்கள் மகனையோ புருஷனையோ சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்காமலிருக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். யாரும் யாருடைய டிரிப் பாட்டிலையும் கவனிக்கவில்லை. ஒரே வாரத்தில் எட்டுக் குடும்பமும் எட்டு ஊராகிவிட்டது. நெறிமுறைப்படி ஆறாவது வாரம் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது, மீதி நாற்பத்திரண்டு நாளுக்கான பொட்டலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். ஒருவர் நம்பரை ஒருவர் வாங்கிக்கொள்ளவில்லை. வெட்கம்தான் காரணம் என்று பிலோமினாவுக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது வார ஸ்கேனில் அவளுக்கு உயிர் வந்தது. நிஜப் பொட்டலக்காரர்களில் மூன்று பேருக்குக் கட்டி பாதிக்குமேல் கரைந்திருந்தது. இதே ஆராய்ச்சி நடந்த மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளிலும் அப்படியே. கலியபெருமாளுக்குக் கொஞ்சம்தான் சுருங்கியிருந்தது. ரிஸ்வானாவுக்கு வளரவும் இல்லை, குறையவும் இல்லை. நல்லவேளை அந்தக் குண்டானை அன்றைக்கே நிறுத்தினேன் என்று பிலோமினா ஜெபத்தில் நன்றி சொன்னாள். பங்கு போட்ட நாலு வாரத்தைப் பற்றி எங்கும் எழுதவில்லை. கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இனி எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரவர் ஊரிலேயே ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். ரத்தம் வராத வீட்டுக்கு பிலோமினா போன் செய்ய வேண்டும். ஏழாவது மாதம் ஒரு வீட்டுக்குப் போன் செய்தாள். கட்டி பாதி கரைந்த மூன்று பேரில் ஒருவரின் வீடு அது. மறுபடி வந்துவிட்டது, பதினைந்து நாளில் முடிந்துவிட்டது என்று மனைவி சொன்னாள். ஒன்பதாவது மாதம் அந்த மூவரில் இன்னொருவர். சாதாரணச் சர்க்கரைக்காரர்கள் மூன்று பேர் அதற்கு முன்பே போயிருந்தார்கள். கட்டி கரைந்தவர்களில் மூன்றாமவரின் மகன் பதினோராவது மாதம் போனை எடுத்து, அப்பாவும் போய்விட்டார், நீங்கள் சொன்னபடிதான் சிஸ்டர் கடைசி வரை கொடுத்தோம், ஒரு துளி யாருக்கும் கொடுக்கவில்லை என்றான். அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்பதற்குச் சாட்சியாகத்தான் சொன்னான்.

வருஷம் முடிந்து தை மாதத்தில், மிச்சம் இருப்பவர்களை நேரில் வரச்சொல்லியிருந்தார்கள். அந்த வார்டிலிருந்து மிச்சம் இரண்டே பேர். திருமாறன் பிலோமினாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தலைமுடி நிறைய நரைத்திருந்தது அவருக்கு. மேஜைமேல் இரண்டு பேரின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள்.

"கலியபெருமாள், ரிஸ்வானா. ரெண்டு பேருக்கும் கட்டி இல்ல சிஸ்டர். சுத்தமா இல்ல. மத்த எல்லார் உடம்புலயும் நம்ம செல்லு ஆறு மாசத்துல செத்துப்போச்சு. இவங்க ரெண்டு பேர் ரத்தத்துல மட்டும் இன்னும் உயிரோட காவல் இருக்கு."

எதனால் என்று கேட்டாள்.

"சண்டையில இருக்கற செல்லுக்கு வயிறு முட்டச் சர்க்கரை குடுத்தா, அது எல்லாத்தையும் எரிச்சுத் தீத்துடுது. வேகமா ஜெயிக்குது, வேகமா சாகுது. அதைத்தான் நாம வெற்றின்னு நெனச்சோம். விட்டு விட்டுச் சாப்பிட்ட செல்லு வேற மாதிரி. அது சிக்கனமா இருக்கப் பழகிக்குது. எதிரியை ஞாபகம் வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா உக்காந்திருக்கும். இந்த ரெண்டு பேரோட செல்லும் அரை வயித்துல வளந்த செல்லு மாதிரி இருக்கு."

"அரை வயிறு மோசம்னு சொன்னீங்களே சார்."

"நானா? எப்போ?" என்றார் அவர். நிஜமாகவே ஞாபகம் இல்லை. "சொல்லியிருப்பேன். அப்போ அப்படித்தான் எல்லாரும் நெனச்சோம்."

அவர் தாள்களையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மருந்துக் கம்பெனி கடைசியில் அனுப்பிய பட்டியல்படி கலியபெருமாளுக்கு நாம் கொடுத்தது முழுப் பொட்டலம். அந்தப் பெண்ணுக்கு நாம் கொடுத்தது வெறும் சர்க்கரை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி செல் எப்படி வரும்? பொட்டலம் கட்டிய இடத்தில் கலந்துபோயிருக்க வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. இரண்டு பேரையும் கணக்கில் சேர்க்கப்போவதில்லை. பங்குனியில் இருநூறு பேரோடு அடுத்த ஆராய்ச்சி, இந்தத் தடவை தினம் இரண்டு பொட்டலம். சீக்கிரம் செத்துப்போகிற செல்லுக்கு இன்னும் கொஞ்சம் தீனி போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள்.

"உங்களுக்கு ஏதாவது தோணுதா சிஸ்டர்? நீங்கதானே தினமும் பக்கத்துல இருந்தீங்க."

அவள் ஒரு நிமிஷம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தாள்.

வராந்தா பெஞ்சில் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். கலியபெருமாளும் ரிஸ்வானாவும் ஹாஜிராவோடு மறுபடியும் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார்கள். பிலோமினாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். காலடியில் ஒரு பெரிய பை. அவித்த பனங்கிழங்கு, கட்டுக் கட்டாக.

"ஒங்கள்ட்ட ஒன்னு சொல்லணும் சிஸ்டர். ஒரு வருஷமா நெஞ்சுலயே கெடக்கு" என்றாள். "ஒங்க பேச்ச நான் மீறிட்டேன். வூட்டுக்குப் போற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல, எம் பொட்டலத்துல பாதிய எண்ணி பீவி அக்காகிட்டக் குடுத்துட்டு, அதுவள்ல பாதிய வாங்கிக்கிட்டேன். ஒரு நா நெசம், ஒரு நா பொய்யின்னு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. அக்கா அழுதுச்சு, வேணாம்னுச்சு, நாந்தான் திணிச்சேன். செத்தா ரெண்டு பேரும் சாவட்டும்னு நெனச்சேன். எதுத்த கட்டில்ல கெடந்த புள்ளைக்கு இல்லன்னுட்டு எனக்கு மனசு வரல. இவுகளும் அதத்தான் சொன்னாக. தப்புத்தான். மன்னிச்சுக்குங்க."

பிலோமினா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

செங்கமலம் பையை அவள் பக்கம் இழுத்துவைத்தாள். எட்டு வீட்டுக்கும் எட்டுக் கட்டு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். இன்றைக்கு எல்லோரையும் வரச்சொல்லியிருப்பார்கள், பார்த்தால் ஒரு வார்த்தை பேச வேண்டும், அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனது ஆறவில்லை என்றாள். ஹாஜிராவுக்கு ஒரு கட்டைக் கொடுத்தாயிற்று. தன் பங்கைத் தனியே எடுத்து வைத்தாயிற்று. பைக்குள் ஆறு கட்டு இருந்தது.

"இன்னம் ஒருத்தரும் வரலியே சிஸ்டர். எப்புடி இருக்காக எல்லாரும்? நாங்கதான் சொன்ன பேச்சுக் கேக்கல. அவுக ஒங்க சொல்லத் தட்டல. நல்லாத்தான் இருப்பாக."

இந்த வராந்தாவில் எத்தனையோ பேரிடம் சாவைச் சொல்லியிருக்கிறாள் பிலோமினா. அதற்கென்று அவளிடம் இரண்டு வாக்கியம் உண்டு, எல்லோருக்கும் அதுதான். இப்போது அந்த இரண்டும் உதவாது. சொன்ன பேச்சைக் கேட்டதால் போனவர்களைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. செங்கமலம் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பதில் வரும் என்றுதான் பார்த்தாள்.

பிலோமினா எழுந்து போய் டாக்டரின் கதவைத் திறந்தாள்.

"சார், கொஞ்சம் வெளில வந்து உக்காருங்க. நீங்க கேட்டதுக்கும் இவங்க கேட்டதுக்கும் ஒரே பதில்தான். ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிடறேன்."

அவர் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். செங்கமலம் ஒன்றும் புரியாமல் பையை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள். பிலோமினா நின்றபடியே, ஒன்றாம் கட்டிலில் இருந்தவரின் பெயரிலிருந்து ஆரம்பித்தாள்.